எந்தப் பக்கம்

மூன்றாம் இரவும் அதே வேட்டை.
அட்டகாமா மேட்டில் மூச்சுக்குக்கூடப் பஞ்சம்.
வெடித்ததை நாங்கள் தேடவில்லை.
அது பழைய புகை,
யார் வேண்டுமானாலும் படம் பிடிக்கலாம்.
தேடுவது
பக்கத்தில் இருந்ததை.

ஃபெர்மின் சோக்கே கோகா இலைத் தேநீர் ஊற்றினான்.
பகலில் எட்டு மீட்டர் ஆடியைக்
கரியமில வாயுப் பனியால் துடைப்பவன்.
இடப்பக்கம் நின்று பேசினால் அவனுக்குக் கேட்காது.
ஏனென்று யாரும் கேட்டதில்லை.

"பக்கத்தில் இருந்தால் அதுவும் செத்திருக்காதா?"

சாகாது, என்றேன்.
முதலில் நீலமாய் ஒரு பளிச்.
பிறகு வந்து மோதுவது
மேல்தோலை ஹைட்ரஜனோடு உரித்துக்கொண்டு போகும்.
உள்ளே இறங்கிய சூடு
அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது.
வீங்கும்.
சில ஆயிரம் வருடம்
தன் தகுதிக்கு மீறிய வெளிச்சத்தோடு
செழித்திருப்பதுபோலவே தெரியும்.

சர்க்கரை கரைந்த பிறகும்
அவன் கலக்கிக்கொண்டிருந்தான்.

"அப்புறம்?"

அப்புறம், பிடித்திருந்த கை இல்லை.
வேகம் அப்படியே இருக்கும்,
வட்டம்தான் இருக்காது.
கவணை விட்ட கல்.
நொடிக்கு இருநூறு கிலோமீட்டர்,
மேலே ஒட்டிய இரும்போடும் நிக்கலோடும்.
தன்னுடையதல்ல அந்த இரும்பு.
அதை வைத்துத்தான் அடையாளம் காண்போம்.

இன்னொன்றும் சொன்னேன், கேட்காமலே:
அது நின்ற இடத்துக்குப் பின்னால்
வெடிப்பு போய்ச் சேரவில்லை.
விரியும் புகைக்குள்
கூம்பாக ஓர் ஓட்டை.
புகையோடு சேர்ந்து
அதுவும் பெரிதாகிக்கொண்டே போகும்.

வெகுநேரம் திரையையே பார்த்தான்.
பச்சைக் கோடு, மேடு, பள்ளம்.

"எந்தப் பக்கம் காட்டிக்கொண்டு நின்றது?"

இப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை,
ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு வைத்த
ஐந்து பேரும்கூட.

ஒரே பக்கம், என்றேன்.
அவ்வளவு நெருங்கிவிட்டால்
முகம் திருப்ப முடியாது.
எத்தனை சுற்று சுற்றினாலும்
அந்த ஒரு பக்கம்தான்.

"லாசரோ எப்போதும் என் இடப்பக்கம்தான் நிற்பான்"
என்றான் ஃபெர்மின்.
"தாமிரச் சுரங்கத்தில். தம்பி.
திரி வைப்பது அவன் வேலை."

அவ்வளவுதான்.
கோப்பையைக் கழுவப் போய்விட்டான்.

ஏழாவது புள்ளியில் இரும்பு இல்லை,
வேகமும் இல்லை. வெறும் வழிப்போக்கன்.
அடித்துவிட்டு
எட்டாவதின் எண்களைக் கொடுத்தேன்.
குவிமாடம் முனகித் திரும்பியது.

அவன் வந்து உட்கார்ந்தபோது
நாற்காலியை இழுத்துக்கொண்டு
வலப்பக்கம் போனேன்.
பேச ஒன்றும் இல்லை.
விடிய இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.