வெள்ளி, மாலை ஐந்து

டுலூத்தில் ஏரி கரையோரம் உறைந்த வாரம்
கடிதம் வந்தது.
முற்றத்தில் நின்ற மாணவர்களின் பெயர்கள் வேண்டுமாம்,
வெள்ளி மாலை ஐந்துக்குள்.
இல்லையென்றால் ஆய்வுப் பணம் நிற்கும்.

பதிவாளர் அறையில் பட்டியல் என் கையில்தான்.
அதில் நம் பிள்ளை ஒருத்தி:
குடும்பப்பெயர் எழினி,
முதற்பெயர் 'தெரியாது'.
விசாவில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.

பல்கலைக்கழகத் தலைவர் இங்க்ரிட் சோடர்லுண்ட்
துணிச்சல்காரி அல்ல.
மூன்று முறை தண்ணீர் குடித்தார்.
வழக்கறிஞர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.
பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு,
"தரமாட்டோம் என்று போடு."

'வருந்துகிறோம்' என்று நான் தொடங்கியிருந்தேன்.
அதை அடித்தார்.

ஐந்து மணி. ஐந்தே கால்.
ஹீட்டரைக் குறைக்கச் சொல்லிவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்:
அந்தப் பெண்ணின் பெயரை
எப்படி உச்சரிப்பது?