இல்லாத சொந்தத்துக்கு அப்பளம்

வாக்காளர் பட்டியலில் நாங்கள் மக்களரன்.
ரேஷன் அட்டையில் மாக்லாரம்.
மின்வாரியம் இன்னும் தாராளம்:
மக்கள் அரண்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டு
பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து
பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி பெயரைப் பார்த்தார்.
"வெள்ளக்காரப் பேரு. ஆளு நம்ம நெறத்துல இருக்கியே, தாயி."
"நாலு தலமொற தாமிரவருணியில முங்குனா
வெளுத்ததும் கறுத்துரும், சார்."
சிரிக்கவில்லை.
எலுமிச்சை ஜூஸைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அப்பா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்திருந்தார்.
விக்கிரமசிங்கபுரம் அரிசிக்கடைத் தராசில்
என் பெட்டியை ஏற்றி நிறுத்தார்கள்.
அரைக்கிலோ கூடுதல்.
அது கல்லிடைக்குறிச்சி அப்பளம்.
உடைஞ்சிரும்மா என்றேன்.
"ஒடஞ்சதப் பொரிச்சுக் குடு."
யாருக்கு?
"சொந்தக்காரங்களுக்குத்தான்."
அப்படி யாரும் இருப்பதாக
அதுவரை யாரும் சொன்னதில்லை.
ஷூவை இறக்கிவிட்டு
செருப்போடு வாகைக்குளத்தில் விமானம் ஏறினேன்.

ஸ்காட்லாந்தில் ஒரே சாரல்.
அருவி விழாத சீசன்.
தெருமுனையில் ஒருவர் தோல்பையை அக்குளில் இடுக்கி ஊதினார்.
ஒத்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது,
நாயனம் எப்போது சேருமென்று
பேருந்து இரண்டை விட்டுவிட்டுக் காத்திருந்தேன்.
கடையில் எங்கள் குலத்துக் கட்டமென்று ஒரு துணியை விரித்தார்கள்,
பச்சை, நீலம், நடுவில் சிவப்புக் கோடு.
விலையைக் கேட்டதும் மடித்துக் கொடுத்துவிட்டேன்.
முக்கூடல் சந்தையில்
அப்பா எடுக்கிற கைலி.

கல் இருந்தது.
தேவாலயச் சுவரோரம், பாசி படிந்து:
டுகால்ட் மக்லாரன். கடலில் மறைந்தார். 1903.
மனைவி ஜேனட் நிறுத்தியது.

இங்கே அவருக்கு இன்னொரு கல் உண்டு.
மில் காலனிக்குப் பின்னால்,
ஆடு மேய்கிற கல்லறைத் தோட்டத்தில்.
அதில் 1931.
பாய்லர் ஃபிட்டர்.
அன்னப்பழத்தின் புருஷன்,
அப்பாவின் பூட்டன்,
காலைச் சங்கு ஊதுமுன் ஆற்றில் முங்கிவிட்டு
ஈரத்துண்டோடு வருவாராம்.

ஜேனட்
எத்தனை தபால்காரர்களைப் பார்த்திருப்பாள்,
கடைசியில் கடல் என்று முடிவு செய்ய?

ஃபெர்கஸ் மீன் பொரிக்கிற கடை வைத்திருந்தான்.
அப்பாவின் மூக்கு அவன் முகத்தில்,
கொஞ்சம் சிவந்து.
உடைந்த அப்பளங்களை
மீன் எண்ணெயிலேயே போட்டு எடுத்தான்.
தின்றான். இன்னொன்று கேட்டான்.
"ஆனால் அவர் மூழ்கிப்போனாரே" என்றான் பிறகு.
வருஷா வருஷம் அந்தத் தேதியில்
அவர்கள் வீட்டில் கடலுக்குப் பூப்போடுவார்களாம்.

போனை நீட்டினேன்.
ஆடு, கல், 1931.
எண்ணெய் தீய்ந்து புகைகிற வரை பார்த்தான்.
வெளியே போய் நின்றான்.
திரும்பி வந்து
இரண்டாவது மனைவியின் பெயரை
எப்படி உச்சரிப்பது என்று கேட்டான்.
அன்னப்பழம்.
ழ வரவில்லை. எனக்கும்
சின்ன வயதில் வந்ததில்லை.

ஊருக்கு வந்து மூன்று வாரம்.
நேற்று அவனிடமிருந்து செய்தி:
பூப்போடும் தேதி வருகிறது, என்ன செய்யட்டும்?
புன்னைக்காயலில் எங்கள் ஆறு
கடலில்தான் விழுகிறது என்று எழுதினேன்.
அனுப்பிய பிறகு
தப்பித்துக்கொண்ட மாதிரி இருந்தது.
ஜேனட் கேட்டிருந்தால்
அதை எழுதியிருப்பேனா?

மறுபடி எழுதியிருக்கிறான்:
அந்தப் பொய்க் கல்லை எடுத்துவிடலாமா?

கல்லறைத் திருநாளுக்கு
அப்பா எழுத்துகளுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.
வாசித்துக் காட்டினேன்.
தூரிகையைத் துடைத்தார்.
"கல்லு என்ன செஞ்சுது, பாவம்.
நட்டவளுக்கு அது இருந்துட்டுப் போட்டும்.
அந்த ஆட்ட வெரட்டுளா,
பெயின்ட்ட நக்குது."