மொழிபெயர்ப்பாளர் பேச விரும்புகிறார்

பெயர் சொல்லக் கூடாது. கையெழுத்து வைத்திருக்கிறேன்.
'வ' என்று வைத்துக்கொள்ளுங்கள்.
அந்த எழுத்தும் அவளுடையதல்ல.

ஸ்காபரோ. ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடி.
மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர்:
ஒரு சட்டத்தரணி, அவளை முன்பின் பாராத ஒரு மனநல வைத்தியர்,
பொதுமக்கள் சார்பில் ஒருவர், ஈரச் சப்பாத்தோடு.
இந்தப்பக்கம் டொக்டர் ஹாலிடே.
அவளும், அவளுக்காகப் பேச வந்த பெர்னாடெட் குவானும்.
எனக்கு அவள் தோளுக்குச் சற்றுப் பின்னால் ஒரு கதிரை.

விதி இது:
கூட்டாதே. குறைக்காதே. விளக்காதே.
அவள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன்.
நாலு மணிவரைக்கும் அந்தச் சொல் அவளுக்கு.
என்னைப் பற்றி ஏதும் சொல்ல நேர்ந்தால்
'மொழிபெயர்ப்பாளர்' என்று
யாரோ ஒருத்தியைப் போலச் சொல்ல வேண்டும்.

தொடக்கத்திலேயே சறுக்கினேன்.
சிகிச்சையைப் பற்றித் தானே முடிவெடுக்கும் — என்ன?
கொள்ளளவு குடத்துக்கு.
ஆற்றல் பரிசளிப்பு விழாவுக்கு.
எல்லாரும் காத்திருந்தார்கள். 'தகுதி' என்றுவிட்டேன்.
அவள் திரும்பிப் பார்த்தாள்.
"எனக்குத் தகுதி இல்லையாமோ?
இருபத்தாறு வருசம் இந்த நாட்டிலை வரி கட்டினனான், தங்கச்சி."
அதையும் சொன்னேன், தங்கச்சி உட்பட.
ஈரச் சப்பாத்துக்காரர் எதையோ குறித்துக்கொண்டார்.

"அந்தக் குளிசை போட்டா கை நடுங்குது.
கேக்கிலை பேர் எழுதுறதுதான் என்ரை வேலை."
பக்கவிளைவு, போகப்போகக் குறையும் என்றார் டொக்டர்.
"எப்ப?"
அதற்கு அவர் கோப்பைப் புரட்டினார்.

மார்ச் ஒன்று. அதிகாலை இரண்டு பத்து.
நோயாளிக்கு இரவு முழுதும் குரல்கள் கேட்கின்றன.
தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் மூலம்,
இலக்கம் நாலாயிரத்து நூற்றேழு.

என்னுடைய இலக்கம்.

அன்று சமையலறையில், லைட் போடாமல்,
பிள்ளை எழும்பிவிடுவான் என்று வாயைப் பொத்திக்கொண்டு கதைத்தேன்.
வைத்தியர் கேட்டது குரல்கள்.
நித்திரைத் தூக்கத்தில் நான் கேட்டது:
"சத்தம் ஏதும் கேக்குதோ அம்மா?"
"ஓம். விடிய விடிய."
சத்தம் என்றால் எங்களுக்கு எல்லாம்தானே:
ஆள் பேசுவது, சட்டி விழுவது,
மேல்வீட்டுக்காரனின் வோஷிங் மெஷின்,
வானத்தில் ஏதாவது போனால் அதுவும்.

வாயைத் திறந்தால் வேலை போகலாம்.
திறக்காவிட்டால் —
அந்த வசனத்தை நான் முடிக்கமுன்
டொக்டர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.
மூன்று நாள் சாப்பாடு இல்லை.
சூடு வரும் துவாரமெல்லாம் ஈரத் துணி.
பொலிசைக் கூப்பிட்டது மகன்.
அதெல்லாம் என் சொல்லால் வந்ததல்ல.
அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது.
ஒரு சொல்லைப் பற்றி மட்டும் தெரியும்.

"மொழிபெயர்ப்பாளர் பேச விரும்புகிறார்."
அறை முதல்தடவையாக என்னைப் பார்த்தது.
"மொழிபெயர்ப்பாளர் அன்றிரவு பிழை விட்டார்.
குரல்கள் என்று கேட்கப்பட்டது.
சத்தம் என்று சொன்னார்."
பெர்னாடெட் குவானின் பேனா ஓடத் தொடங்கியது.
டொக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.
கோபம் இல்லை. இரவு வேலை முடித்து வந்தவர் போல.

பிறகுதான் உறைத்தது:
அந்த அறையில் இது விளங்காத ஒரே ஆள் அவள்.
திரும்பித் தமிழில் சொன்னேன்.
மொழிபெயர்ப்பாளர் என்று வாய் வரவில்லை.
"அது நான்தான் அக்கா" என்று வந்தது.
கூட்டல். விதிப்படி குற்றம்.

அவள் மேசை விளிம்பில் விரலால் ஏதோ எழுதினாள்,
ஐசிங் பையைப் பிடிப்பதுபோல.
"அப்ப குரலெண்டு கேட்டிருந்தா
நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு நினைக்கிறீர்?"

அதை இங்கிலீஷில் சொன்னேன், 'நான்' என்றே.
கேள்வி ஆருக்கென்று தெரியாமல்
அந்தப்பக்க மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

முடிவு நாளைக்கு. எனக்கு அறிவிக்கமாட்டார்கள்.
நேரச்சீட்டில் கையெழுத்து வாங்கினேன்:
ஒன்றரையிலிருந்து நாலு ஐந்து.
அந்த ஐந்து நிமிசத்துக்குக் காசில்லை.