ஜீரோ கேட்டுக்கு முன்னால்

பதினோரு வருஷமாக மெட்ராஸ் போய்வருகிற மனுஷன்
ஒருதடவையாவது எங்களைக் கூட்டிப்போகக் கூடாதா என்று
கேட்டுக் கேட்டு,
காலாண்டு லீவில் ஒருவழியாக
ஏற்காடு எக்ஸ்பிரசில் நாலு டிக்கெட்.

சென்ட்ரலில் இறங்கியதுமே தெரிந்துபோயிற்று.
சங்ககிரியிலிருந்து இருபத்திரண்டு சக்கரங்களைத்
துறைமுகம்வரை உருட்டி வருகிறவருக்கு
ரோடு தாண்டத் தெரியவில்லை.
பீச்சுக்கு எந்த பஸ் என்று பூக்காரம்மாவிடம் கேட்டார்.
வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு என்பது
பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது.
மிதுனா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.
வார் அறுந்துவிட்டது.

"அப்பா, நீ நெசமாலுமே
மெட்ராசுக்குத்தான் வந்துட்டிருந்தியா?"
தரணீஷ் விளையாட்டாகத்தான் கேட்டான்.
நான் வேறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.
அந்தக் கேள்வி
சில ராத்திரிகளில் எனக்கும் வந்திருக்கிறது,
விளையாட்டாக அல்ல.

ஒன்றும் பேசாமல் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.
"காசிமேடு. எக்ஸ்பிரஸ் ரோடு.
ராயபுரம் பாலம் வேண்டாம், இந்நேரத்துக்கு நிக்கும்."
காலையிலிருந்து முதல்தடவையாக
அவர் குரல் வழி கேட்கவில்லை.

இறங்கினால் கடலைக் காணோம். லாரிதான்.
நீலப் பெட்டி, துருச்சிவப்புப் பெட்டி,
படிக்கத் தெரியாத எழுத்து போட்ட பச்சைப் பெட்டி.
ரெண்டு பெட்டிக்கு நடுவே ஒரு சாண் கடல்.
அடுத்த இடைவெளியில் இன்னொரு சாண்.
தரணீஷ் எண்ண ஆரம்பித்தான்.

அவர் சுற்றிக் காட்டினார்.
புயலுக்கு மூணு நாள் நின்ற இடம்.
அஞ்சு மணிக்கு வந்தால் குளிக்கலாம்,
அஞ்சரைக்கு வந்தால் முகம்கூடக் கழுவ முடியாத குழாய்.
ஒரு நாய். அதற்கு ஈரோட்டு டிரைவர்கள் வைத்த பெயர் ஆர்.டி.ஓ.
"அதா, அந்தக் கல்லுக மேல ஏறுனாத்தான்
டவர் கெடைக்கும். அங்கிருந்துதான் உனக்குப் பேசுவேன்."

ஏறி நின்றேன்.
அலை வந்து கல்லிடுக்கில் நுழைந்து
உறுமிக்கொண்டு வெளியேறியது.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
எந்த லாட்ஜில் ஓடுகிற ஃபேன் இது என்று
பதினோரு வருஷம்
கேட்காமலே வைத்திருந்த சத்தம்.

"இன்னா சங்ககிரி! வண்டிய எங்க வுட்ட?"
தார்ப்பாய் கட்டிய டீக்கடையில் டெல்பின் அக்கா.
இவருக்குப் பெரியண்ணன் என்று பெயர் இருப்பதே
அங்கே யாருக்கும் தெரியாதுபோல.
மிதுனாவைப் பார்த்து,
"நீதான கணக்குல தொண்ணூத்தி ஏயு?
மூணு மார்க்க எங்க கோட்ட வுட்ட?"
என்னைப் பார்த்து,
"அந்த தைராய்டு மாத்திர இன்னும் போவுதா, இல்ல நிறுத்திட்டாங்களா?"
எனக்கு வாயில் டீ.
தலையை மட்டும் ஆட்டினேன்,
போகிறது என்று.

அஞ்சு டீக்கு, நாலு பன்னுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றாள்.
பழைய பாக்கி நாப்பத்தஞ்சை மட்டும்
நோட்டைப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.
மிதுனாவின் செருப்புக்கு
கொக்கியிலிருந்து ஒரு ஊக்கும் கொடுத்தாள்.

போட்டோ எடுத்தோம்.
எல்லாவற்றிலும் பின்னால் ஒரு லாரி,
அதன் பம்பரில் யாரோ ஒரு டிரைவரின்
காய்கிற பனியன்.
"அடுத்த தடவ சரியா விசாரிச்சிட்டு வரலாமுங்க" என்றேன்.
"என்னத்த?" என்றார்.

"நூத்தி நாப்பத்தி மூணு" என்று தரணீஷ் கத்தவும்
எங்கோ முன்னால் கேட் திறந்திருக்க வேண்டும்.
வரிசை முழுக்க எஞ்சின்கள் ஒவ்வொன்றாக எழுந்தன,
பெட்டிகள் குலுங்கின, கடல் இடம் மாறியது,
பையனுக்குக் கணக்கு தப்பிப்போயிற்று.

கையில் டீ கிளாசுடன் இவர்
தன்னை அறியாமல்
ரெண்டடி முன்னால் போய் நின்றார்.