ஆறோ ஏழோ

அளவுநாடாவை வெட்டித்தான் அன்ரனா செய்தேன்.
ஆமர் வீதிச் சாமான்கடையில்
துருப்பிடித்ததென்று கழித்துவிட்ட ஐந்து மீற்றர் நாடா.
பிளாஸ்ரிக் குழாயில் குறுக்கே வைத்து இறுக்கிய பின்னும்
அதன் முதுகில் இலக்கங்கள் அழியவில்லை:
நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது.
அதைத் தூக்கிப் பிடித்து
ஆயிரத்து நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் தேடுகிறேன்.

லிப்ட் பழுது. ஆறு மாடி ஏறி
வெள்ளவத்தை மொட்டைமாடியில்
தண்ணீர்த் தாங்கிக்கும் யாரோ காயப்போட்ட பெட்சீற்றுக்கும் நடுவே.
வடக்கே தாமரைக் கோபுரம்
ஊதாவில் எதையோ விளம்பரம் செய்கிறது.
என் ஆள் தெற்கால், தெகிவளைப் பக்கமாய் வரும்.

என்னிலும் வயது கூட அதற்கு.
ஏவினார்கள். ஏழு வருசம் உழைத்தது. பற்றரி செத்தது.
எல்லாரும் பேரேட்டை மூடிவிட்டார்கள்.
இருபத்தொரு வருசம் கழித்து
செத்த பற்றரிக்குள் இன்னும் ஏதோ அறுந்துபோக
வெயிலின் மின்சாரம் வழி கண்டு ஓடி
திடீரென்று பேசியது.
கெட்டது மேலும் கொஞ்சம் கெட்டதால் பிழைத்தது.
இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

“இதால ஒரு சதம் வருமோ?” என்றாள் சிவகௌரி.
வராது.
டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறவனுக்கு
வேறென்ன தெரியும்?
சந்திரத் தூசியைச் சுட்டுக் கல் வார்க்கப் பார்க்கிறார்களாம்;
சதுர அடி என்ன விலை விழுமென்று
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன்.
போக்குவரத்துக் கூலியிலேயே கடை முழுகிவிடும்.
ஏவிய ரொக்கெட் நெருப்பில் இறங்கித் திரும்பி வந்து
கீறிய வட்டத்துக்குள் நிமிர்ந்து நிற்கிறது;
நூறாம் இலக்க பஸ் இன்றைக்கும்
சந்தைத் தரிப்பில் நிற்காமல் போனது.
இரண்டும் ஒரே நூற்றாண்டு.

காவற்காரர் பியதிலக முதல்நாள் ரோச் அடித்தார்.
“மொனவத மஹத்தயா?”
தொண்டை ஒரு கணம் அடைத்தது.
பொலிஸ் பதிவுத் துண்டை மடித்து
சட்டைப்பையில் சுமந்த வருசங்களில்
ஒரு தமிழன் மாடியில் கம்பி பிடித்து நின்றிருந்தால்
கீழே ஜீப் வந்திருக்கும்.
அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன்:
மேலே ஒன்று போகிறது, செத்தது, ஆனால் பேசும்.
அவர் ரோச்சை அணைத்தார்.
பயந்தாரா, நம்பினாரா தெரியாது.
அடுத்த நாள் மாடிக் கதவில் பூட்டு இல்லை.

ஆறு இருபத்திரண்டு.
முதலில் இரைச்சல், பொரிக்கிற எண்ணெய் மாதிரி.
பிறகு அதற்குள் ஒரு நூல்.
நான்கு புள்ளி, இரண்டு புள்ளி:
வணக்கம் சொல்கிறது.
யாருக்கென்று கேட்காமல் சொல்கிறது.
பிறகு எண்கள். தன் சூடு, தன் மின்னழுத்தம்,
ஆஸ்பத்திரிக் கட்டிலில் தானே தன் காய்ச்சல் பார்ப்பதுபோல்.
நிழலுக்குள் போனால் மறுபடி சாகும்.
வெளிச்சம் பட, பழையது எதுவும் ஞாபகமின்றி
முதலில் இருந்து, நான்கு புள்ளி, இரண்டு புள்ளி.

தலைக்கு மேலே வர வர நாதம் இறங்குகிறது.
கீழே மாத்தறை ரயிலின் ஊதலும் அப்படித்தான்,
கிட்ட வந்து, கடந்து, கட்டை பாயும்.
ஒரே விதி, கடலோரத் தண்டவாளத்துக்கும் அதற்கும்.
நான் இரண்டையும் ஒரே காதால் கேட்டேன்,
சொன்னால் சிரிப்பார்கள், கண் கலங்கியது.

ரயில் போன இரைச்சலில் ஓர் எண் தவறியது.
ஆறோ ஏழோ.
இருபது வருசம் கணக்கெழுதுகிறேன்,
ஒரு கட்டத்தையும் வெறுமையாய் விட்டதில்லை.
நீலப் பேனையால் அதில் கேள்விக்குறி போட்டேன்.
அடுத்த சுற்று எட்டுப் பத்துக்கு,
அதற்குள் அது நிழலில் இருக்கும்.

பெட்சீற் ஈரம் இன்னும் காயவில்லை.
அன்ரனாவைச் சுருட்டப் போனேன்;
நாடா அல்லவா, பழைய பழக்கத்தில்
தானாகவே கொஞ்சம் சுருளப் பார்த்தது.