வில்லங்கம்

குழித்துறை கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும்
நேந்திரம் சிப்ஸ் பொரிக்கிறவனுக்கும் இடையில்
பத்தொன்பது வருஷமாக ஆதாரம் எழுதுகிறேன்.
கிரயம், இஷ்டதானம், ஒற்றி, விடுதலைப் பத்திரம்.
என் வார்த்தைகள் எல்லாம் எண்ணெய் மணக்கும்.

அன்று வந்தது நிலமில்லை.

பிளஸி, வயது முப்பத்தொன்று,
களியல் பக்கம் ரப்பர் வெட்டுகிறவள்.
அவளுடைய செல்வின்ராஜ் கடலுக்கு அப்பால் ஒரு லேபர் கேம்பில்
சோற்றுப் பானைக்காக, இல்லை, சார்ஜருக்காக என்கிறார்கள்,
கத்தி பட்டுச் செத்தவன்.
குத்தியவன் இனயத்துக்காரன், ஆன்றோஸ்.
அவன் அக்கா கதவுக்கு வெளியே நின்றாள்.
கையில் மஞ்சள் பை, உள்ளே
பதினெட்டு லட்சத்துக்கு டி.டி.
வள்ளம் விற்றது, வலை விற்றது, பங்கில் பிரித்தது,
யாரோ ஒரு கன்னியாஸ்திரி அனுப்பியது.

செத்தவனின் அண்ணன் மேசையில் தட்டினான்:
"ஒரு தலை போனாத்தான் அடுத்தவன்
கத்திய எடுக்கதுக்கு முன்ன நினைப்பான்."
வக்கீல் பையன் சொன்னான்:
அங்கே வருஷா வருஷம் தலை போகிறது,
வருஷா வருஷம் கத்தியும் எடுக்கிறார்கள்.
"அப்போ எனக்க தம்பி?"
அதற்கு அவனிடம் பதிலில்லை.
புத்தகத்தில் இருந்திருக்கும். எடுத்து வரவில்லை.

நானும் யோக்கியமில்லை.
போன மாசம் பேப்பரில் ஒரு பிள்ளையின் போட்டோ பார்த்து
சாயா ஆறுமுன் தீர்ப்பு எழுதினேன்:
தூக்குங்கள், நாற்சந்தியில்.
அது பிழையென்று இன்றும் சொல்லமாட்டேன்.
ஆனால் அதற்கு முத்திரைத்தாள் வாங்கவில்லை.
என் பெருவிரலில் மை படவில்லை.

பழக்கதோஷத்தில் அடித்துக்கொண்டே போனேன்:
மேற்படி தொகையைப் பெற்றுக்கொண்டு
சுயபுத்தியோடும் பூரண சம்மதத்தோடும்
மனப்பூர்வமாக மன்னித்து
பிளஸி திரையில் விரலை வைத்தாள்.
ரப்பர்பால் காய்ந்து கறுத்த நகம்.
"இது யாருக்க வார்த்தை?"
எங்க வார்த்தைதான். வழக்கமா எழுதுயது.
"வெட்டுங்க. நான் மன்னிக்கேல்ல.
அவன் சாவண்டாம், அவ்வளவுதான்.
செத்தா அவனுக்க கணக்கு தீந்துபோவும்.
எனக்க கணக்கு தீராது.
இருந்து எழும்பட்டும், காலைல மூணு மணிக்கு,
நான் எழும்புயது மாதிரி."

மன்னிப்பு என்ற சொல் இல்லாவிட்டால்
அந்த நாட்டில் இதைக் காகிதமாகக்கூட எண்ணமாட்டார்கள் என்றான் வக்கீல்.
அண்ணன் வெளியே போய் பைக்கை உதைத்தான்.
அது கிளம்பவில்லை.
மஞ்சள் பைக்காரி ஒதுங்கி
வழிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள்.

நிலமென்றால் எனக்குத் தெரியும்:
கிழக்கே இன்னார் தென்னந்தோப்பு, தெற்கே ஓடை.
இதற்கு நாலெல்லை எது?
கிழக்கே, அணைந்துபோன நம்பருக்கு
எட்டு வயதுப் பையன் இன்னும் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்.
மேற்கே, கடல் பாதி தின்ற ஒரு வீடு.
மற்ற இரண்டும்
எழுதத் தெரியவில்லை.

'மனப்பூர்வமாக' போனது. 'மன்னித்து' நின்றது.
பேனாவை வாங்கியவள் கேட்டாள்:
"அறபில மாத்தும்போ இந்த வார்த்தை எப்படி இருக்கும்?"
தெரியாது என்றேன்.
"நல்லது," என்று போட்டாள்.

டி.டி.யை அவள் தொடவில்லை, திருப்பியும் தரவில்லை.
என் ஸ்டாப்ளருக்கு அடியில் அது
ஃபேன் காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தது.

எழுத்துக்கூலி யார் தருவது என்று
நான் வாயெடுத்துக் கேட்கவில்லை.
வெளியே நின்றவள் உள்ளே வந்து
ஐந்நூறு ரூபாயை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.