கம்பி தெரிகிறது

அஸ்தம்பட்டி, மூன்றாம் மாடி.
சனிக்கிழமை ராத்திரி பதினொன்றே கால்.
ரெஜினா விளக்கை அணைக்கிறாள்.
ஜன்னலை மட்டும் சாத்தக் கூடாதாம்:
ஏற்காட்டு மலைப்பாதை வெளிச்சம் தெரியணும்.

திரையில் கறுப்பு வெள்ளை மழை.
பங்களா. வளைந்த மாடிப்படி.
மெழுகுவத்தியோடு ஒருத்தி இறங்குகிறாள்,
காற்றே இல்லாத கூடத்தில்
கூந்தல் மட்டும் பறக்க.
அவளைத் தாங்கும் கம்பிகூடத் தெரிகிறது.
தெரிந்தும் என் கால்கள்
சோபாமேல் ஏறிக்கொள்கின்றன.

"எவ்வளவு மரியாதை பாரு" என்கிறாள் ரெஜினா.
"நாய் ஊளையிடும், கதவு கிறீச்சிடும்,
கடிகாரம் பன்னிரண்டு அடிச்சு முடிக்கும்.
அப்புறம்தான் வருவா."

போன செவ்வாய்
ஐந்து ரோடு ஸ்கேன் சென்டரில்
ரெஜினா பெயரெழுதிய கவரை நீட்டிய பெண்
பேனா மூடியைக் கடித்தபடி
"அடுத்தது யாரு?" என்றாள்.
ஒரு நாயும் ஊளையிடவில்லை.

"அந்த மாடிப்படி, இன்னொரு தடவை."
பின்னோக்கி ஓட்டுகிறேன்.
பன்னிரண்டு மணியும்
கடிகாரத்துக்குள் திரும்பிப் போகிறது.
மெழுகுவத்தி வளர்கிறது.
முதுகு காட்டாமலே படியேறி
கதவுக்குள் மறைகிறாள் அவள்.

மலையில், ஏதோ ஒரு கொண்டையூசி வளைவில்
ஒரு வண்டியின் வெளிச்சம் அணைந்து
வெகுநேரம் கழித்து
கொஞ்சம் மேலே தெரிகிறது.

"நிறுத்தாதே" என்கிறாள்.